விஸ்கான்சினில் அக்கம்பக்கத்தாருடன் அரசியல் இல்லாமல் பழக முடியுமா?

கேள்வி: வேலை மாற்றலாகி குடும்பத்தோடு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்கு வருகிறேன். செய்திகளைப் பார்த்தால் அங்கே வீட்டுக்கு வீடு அரசியலில் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்போல் இருக்கிறது. அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

பதில்: நான் இருப்பது கிரீன் பே பக்கம். எனக்கு இங்கே ஓட்டுக் கிடையாது. ஹெச்-1பி விசாவில் வந்து க்ரீன் கார்டுக்குக் காத்திருக்கும் லட்சக்கணக்கான இந்தியர்களில் நானும் ஒருவன். வேலைவழி க்ரீன் கார்டில் ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 7 சதவீதம்தான் என்று சட்டம் இருப்பதால் வரிசை நகர்வதே கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஊர் ஃபுட்பால் அணியான கிரீன் பே பேக்கர்ஸில் எனக்கு ஒரு பங்கு இருக்கிறது. வருடா வருடம் அதன் இயக்குநர் குழுவைத் தேர்ந்தெடுக்க ஓட்டுச்சீட்டு வீட்டுக்கு வரும். இந்த நாட்டில் நான் போடும் ஒரே ஓட்டு அதுதான். ஆகவே இது ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பவனின் பதில்.

முதலில் அரசியல். 2016-இல் டிரம்ப் இந்த மாநிலத்தை 23,000 ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார். 2020-இல் பைடனுக்கு 21,000-க்கும் குறைவு. 2024-இல் மறுபடியும் டிரம்ப், 30,000-க்கும் குறைவு. மூன்று முறையும் வித்தியாசம் ஒரு சதவீதத்தைத் தொடவில்லை. தெருவில் பத்து வீடு இருந்தால் ஐந்து அந்தப் பக்கம், ஐந்து இந்தப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி இருப்பதால் இரண்டு கட்சிகளும் இங்கே வந்து கொட்டுகிற பணத்துக்கு அளவில்லை. 2024 அக்டோபரில் கமலா ஹாரிஸ் கிரீன் பே பக்கம் வந்து பேசிய அரங்கை ஒட்டிய இன்னொரு அரங்குக்கு இரண்டு வாரம் கழித்து டிரம்ப் வந்தார், அதுவும் குப்பை லாரியில் ஏறி போட்டோவுக்கு நின்றுவிட்டு, ஆரஞ்சு நிறப் பாதுகாப்பு அங்கியோடு. பேக்கர்ஸின் பழைய நட்சத்திரம் பிரெட் ஃபாவ்ர் அந்த மேடையில் டிரம்புக்காகப் பேசினார். அந்த அரங்கிலிருந்து சாலையைத் தாண்டினால் பேக்கர்ஸின் லாம்போ ஃபீல்ட் மைதானம். (அந்த மாதம் முழுக்க அம்மா போனில் "நம்ம மன்னார்குடிப் பக்கத்துப் பொண்ணு ஜெயிக்குமாடா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். துளசேந்திரபுரம் ஹாரிஸுடைய தாத்தாவின் ஊர். சின்ன வயதில் ஹாரிஸ் கொஞ்ச காலம் இந்த மாநிலத்தின் தலைநகர் மேடிசனில்தான் இருந்தார் என்று சொன்னதும் அம்மாவுக்கு இன்னும் நம்பிக்கை வந்துவிட்டது.)

அது முடிந்து மூச்சு விடுவதற்குள் 2025 ஏப்ரலில் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஒரே ஒரு நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். ஆமாம், இங்கே நீதிபதிக்கும் தேர்தல் உண்டு. செலவு சுமார் 10 கோடி டாலர். அமெரிக்காவில் வேறெந்த நீதிபதித் தேர்தலுக்கும் இவ்வளவு செலவானதில்லை. எலான் மஸ்க் நேரில் கிரீன் பேவுக்கு வந்து, தலையில் சீஸ் வடிவத் தொப்பி மாட்டிக்கொண்டு, இரண்டு பேருக்கு ஆளுக்குப் பத்து லட்சம் டாலர் செக் கொடுத்தார். அவர் ஆதரித்த பிராட் ஷிமெல் பத்து சதவீத வித்தியாசத்தில் தோற்றார். சூசன் க்ராஃபோர்ட் நீதிபதியானார்.

இவ்வளவு நடந்தும் எங்கள் தெருவில் யாரும் யாரோடும் சண்டை போட்டு நான் பார்க்கவில்லை. காரணம் பெருந்தன்மை இல்லை, பேசுவதில்லை, அவ்வளவுதான். புல்வெளியில் வேட்பாளர் பெயர்ப் பலகை நட்டிருப்பார்கள், அதைத் தாண்டி வாயைத் திறக்க மாட்டார்கள். அதற்குப் பதில் பேச இவர்களுக்கு ஒரு விஷயம் இருக்கிறது: பேக்கர்ஸ்.

இது காலால் உதைக்கும் நம்ம ஊர் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டு முட்டி மோதும் அமெரிக்க ஃபுட்பால். ஊரின் ஜனத்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம். மைதானத்தில் 81,000 பேர் உட்காரலாம். சீசன் டிக்கெட்டுக்குக் காத்திருப்போர் பட்டியலில் ஊர் ஜனத்தொகையைவிட அதிகம் பேர். அமெரிக்காவின் பெரிய தொழில்முறை அணிகளில் இவ்வளவு சின்ன ஊரில் இருப்பது இது ஒன்றுதான். மற்ற அணிகளுக்கெல்லாம் ஒரு கோடீஸ்வரர் முதலாளி. பேக்கர்ஸுக்கு முதலாளியே கிடையாது. 1923-இலிருந்து பொதுமக்கள் பங்கு வாங்கி நடத்தும் லாப நோக்கில்லாத நிறுவனம் அது, இன்று ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள். இந்த அணிகள் ஆடும் என்.எஃப்.எல். லீகின் இப்போதைய விதிப்படி அணிக்கு ஒரு முதன்மை உரிமையாளர் இருந்தாக வேண்டும். பேக்கர்ஸ் அந்த விதிக்கு மூத்தது என்பதால் விட்டுவைத்திருக்கிறார்கள்.

2021 நவம்பரில் பங்கு விற்றார்கள், ஒன்று 300 டாலர். டிவிடெண்ட் கிடையாது, விலை ஏறாது, வெளியாருக்கு விற்கவும் முடியாது. "முந்நூறு டாலருக்கு ஒரு காகிதமா?" என்று மனைவி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்தாலும் ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டேன்.

எனக்கு இதில் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். (எழுபது தாண்டியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவே ரொம்ப நாளாயிற்று.) சோஷலிசம் என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்கு முகம் மாறிவிடும். அவர் வீட்டுக் கூடத்தில் 1997-இல் வாங்கிய பேக்கர்ஸ் பங்குப் பத்திரம் தொங்குகிறது. ஊரே சேர்ந்து சொந்தமாக வைத்திருக்கும், யாரும் லாபம் எடுக்காத ஒரு நிறுவனம் அவருக்கு உயிர். அந்த அணி பிழைத்திருப்பதே பணத்தைப் பங்கிட்டுக் கொள்வதால்தான். 1961-இல் கென்னடி கையெழுத்திட்ட ஒரு சட்டம், அணிகள் எல்லாம் சேர்ந்து தொலைக்காட்சி உரிமையை ஒன்றாக விற்க அனுமதித்தது. வரும் பணத்தை நியூயார்க் அணிக்கும் கிரீன் பேவுக்கும் சரிசமமாகப் பிரிக்கிறார்கள். இன்று அப்படிப் பிரித்து வரும் தொகை ஓர் அணிக்கு வருடத்துக்கு 40 கோடி டாலருக்கு மேல். லீகில் வருடாந்திரக் கணக்கை வெளியிடும் ஒரே அணி பேக்கர்ஸ் என்பதால்தான் இந்த எண்ணிக்கையே வெளியே தெரிகிறது. இதையெல்லாம் பெரியவரிடம் ஒரு தடவை மெல்ல எடுத்துச் சொன்னேன். "அது வேற" என்றார். சரி, வேறதான்.

விளையாட்டு வந்தால் அரசியல் மறைந்துவிடும் என்று சிலர் எழுதுவதை நான் நம்புவதில்லை. 2000-இல் மைதானத்தைப் புதுப்பிக்க விற்பனை வரியில் அரை சதவீதம் கூட்டலாமா என்று கிரீன் பே அடங்கிய பிரவுன் கவுன்ட்டி மக்களிடம் ஓட்டெடுப்பு நடந்தது. இவ்வளவு பைத்தியமாக இருக்கும் ஊரிலேயே 53-க்கு 47 என்றுதான் ஜெயித்தது. அந்த வரி 2015 வரை இருந்தது. 2011 பிப்ரவரியில் லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌலைப் பேக்கர்ஸ் ஜெயித்த அதே வாரத்தில் ஆளுநர் ஸ்காட் வாக்கர் ஒரு மசோதா கொண்டுவந்தார். ஆசிரியர்கள் உட்பட பெரும்பாலான அரசு ஊழியர்கள் சங்கமாகச் சேர்ந்து சம்பளம், சலுகை பேசும் கூட்டுப் பேர உரிமையை அது ஏறக்குறைய இல்லாமல் ஆக்கியது. மேடிசனில் ஆயிரக்கணக்கானோர் சட்டமன்றக் கட்டடத்துக்குள்ளேயே படுத்துக் கிடந்தார்கள், ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் 14 பேர் வாக்கெடுப்பைத் தடுக்கப் பக்கத்து மாநிலமான இல்லினாய்க்கே போய்விட்டார்கள். பேக்கர்ஸ் வீரர் சார்லஸ் வுட்சன் ஊழியர்கள் பக்கம் நின்று அறிக்கை விட்டார். இங்கே பழைய ஆட்கள் சிலர் இன்றைக்கும் அண்ணன் தம்பியோடு பேசாமல் இருப்பதற்குக் காரணம் டிரம்ப் இல்லை, அந்த 2011 சட்டம். 2017-இல் நிறவெறியை எதிர்த்து வீரர்கள் தேசியகீதத்தின்போது மண்டியிடும் விவகாரம் பெரிதானபோது, வீரர்களோடு சேர்ந்து பார்வையாளர்களும் கைகோத்து நிற்கும்படி அணி கேட்டுக்கொண்டது. சிலர் கோத்தார்கள், நிறையப் பேர் கோக்காமல் "யூ எஸ் ஏ" என்று கத்தினார்கள்.

உண்மையான உள்ளூர் அரசியல் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, டிவியில் இல்லை. 1993-இலிருந்து விஸ்கான்சினில் பள்ளி மாவட்டங்கள் எவ்வளவு வருவாய் திரட்டலாம் என்பதற்கு மாநிலம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஊர் மக்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டும், சம்மதித்தால் வீட்டு வரி ஏறும். இங்கேதான் கட்சிக் கணக்கெல்லாம் குழம்பிப்போகும். பேரன் பேத்தி படிக்கும் பள்ளி என்பதற்காக நம் பெரியவரே வரியை ஆதரித்து வீடு வீடாகத் துண்டுச்சீட்டுக் கொடுத்தார். பைடன் பலகை வைத்திருந்த எதிர்வீட்டு அம்மா ஓய்வூதியத்தில் இருப்பவர், எதிர்த்து ஓட்டுப் போட்டார். என் பையன் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறான். எனக்கு ஓட்டில்லை, ஆனால் துண்டுச்சீட்டை மடித்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள், போய் மடித்தேன்.

நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று: இந்த அமைதிக்கு ஒரு விலை இருக்கிறது, அதில் நம் போன்றவர்கள் கொடுக்கும் பங்கு கொஞ்சம் அதிகம். வந்தேறிகளைப் பற்றி டிவியில் காரசாரமாக ஓடும்போது பெரியவர் என்னைப் பார்த்து, "உன்னைச் சொல்லல, நீ முறையா வந்தவன்" என்பார். அன்போடுதான் சொல்கிறார், சந்தேகமில்லை. 2025 செப்டம்பரில் புது ஹெச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்த வாரம், எனக்கு என்ன ஆகும் என்று அவர்தான் முதலில் வந்து விசாரித்தார். அந்த அறிவிப்பைப் போட்டவருக்குத்தான் தான் ஓட்டுப் போட்டோம் என்பது அவருக்கு அந்த நேரம் நினைவிருந்ததா தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று சில நாள் தோன்றும்.

சரி, குடும்பத்தோடு வருகிறீர்கள், நடைமுறைக்கு வருவோம். வெள்ளிக்கிழமை மாலை இங்கே எல்லா இடத்திலும் மீன் வறுவல். கத்தோலிக்கர்களின் பழக்கமாக ஆரம்பித்து, இன்று எல்லோரும் போகிறார்கள். சர்ச் நிதி திரட்டலில் பூயா என்று கோழி, மாட்டிறைச்சி, காய்கறி எல்லாம் போட்டு அண்டா அண்டாவாக மணிக்கணக்கில் கொதிக்கும் ஒரு சூப் கிடைக்கும். பெல்ஜியத்திலிருந்து குடியேறியவர்கள் வழி வந்தது. கிண்டிக்கொண்டு நிற்பவர்களின் தோரணை அப்படியே நம்ம ஊர் ஆடி மாதக் கூழ் ஊற்றும் ஆட்களின் தோரணை. சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், சீஸ் கர்ட் என்ற சின்னச் சின்ன சீஸ் துண்டுகளைப் பொரித்த தட்டை முன்னால் வைத்துவிடுவார்கள்.

பிள்ளைகள் இருந்தால் கோடையில் பயிற்சி முகாம் நடக்கும்போது சைக்கிளோடு லாம்போ போங்கள். வீரர்கள் சின்னப் பிள்ளைகளின் சைக்கிளை வாங்கி ஓட்டிக்கொண்டு பயிற்சி மைதானத்துக்குப் போவார்கள், சைக்கிளுக்குச் சொந்தக்காரப் பிள்ளை ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடும். பல வருடப் பழக்கம் இது. குளிர்காலத்தில் ஆட்டத்துக்கு முன்னால் பனி பெய்தால் இருக்கைகளைச் சுத்தம் செய்ய ஊர்க்காரர்களைக் கூப்பிடுவார்கள், மணிக்கூலி கொடுப்பார்கள். விசாவில் இருப்பவர்கள் அந்த வரிசையில் நிற்காதீர்கள், அதுவும் வேலைக் கணக்கில் வந்துவிடும்.

சிகாகோவில் உறவினர் இருந்தால் பேக்கர்ஸின் பரம எதிரியான அந்த ஊர் பேர்ஸ் அணியின் பனியனைப் பரிசாக அனுப்புவார்கள். அதைப் போட்டுக்கொண்டு முதல் மாதமே தெருவில் நடக்க வேண்டாம். டிரம்ப் தொப்பியோ ஹாரிஸ் பலகையோ கண்டு ஒன்றும் சொல்லாதவர்கள் இதற்கு மட்டும் நிறுத்தி வைத்துக் கேட்பார்கள்.