பல கடன்கள் இருந்தால் எதை முதலில் அடைப்பது?

எல்லாக் கடன்களுக்கும் குறைந்தபட்சத் தவணையைத் தவறாமல் கட்டிவிட்டு, மீதமாகும் பணம் முழுவதையும் ஒரே கடன்மீது செலுத்துவதுதான் அடிப்படை முறை. அந்த ஒரு கடன் எது என்பதே கேள்வி.

கணக்குப்படி, வட்டி விகிதம் அதிகமுள்ள கடன்தான். 1 லட்சம் நிலுவைக்கு 36 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 36,000 போகும். 12 சதவீதம் என்றால் 12,000. பல ஓட்டைகளுள்ள தொட்டியில் பெரிய ஓட்டையைத்தானே முதலில் அடைப்போம்? கடனில் ஓட்டையின் அளவு வட்டி விகிதம். பாக்கித் தொகை அல்ல.

சிலர் மிகச்சிறிய கடனை முதலில் முடிக்கிறார்கள். வட்டி சற்றுக் கூடலாம். ஆனால் ஒரு கணக்கு முடிந்த நிம்மதி அடுத்ததைத் தொடர வைக்கும். பாதியில் சோர்ந்துவிடுவோம் என்று அஞ்சுபவர்களுக்கு நான் இதையே சொல்வேன். எதுவானாலும், ஒரு கடன் முடிந்ததும் அதன் தவணைப் பணம் அடுத்த கடனுக்குப் போக வேண்டும். இதை விட்டுவிட்டால் எந்த முறையும் பலிக்காது.

எல்லாவற்றையும் ஒரே கடனாக மாற்றி மாதத் தவணை குறைந்தால் லாபம் என்று பலர் நினைக்கிறார்கள். தவணைக் காலம் நீண்டால், வட்டி விகிதம் குறைந்தாலும் கட்டும் மொத்த வட்டி கூடிவிடலாம்.