சேமிக்கப் போனால் முரண்பாடு என்கிறதே! - வாசகர் கேள்வி பதில்

ஓர் ஆசிரியை, கும்பகோணம்: தமிழ் விக்கிப்பீடியாவில் எங்கள் ஊர்க் கட்டுரையை ஆசிரியர்கள் நாலைந்து பேர் சேர்ந்து விரிவாக்குகிறோம். ஒரு மணி நேரம் தட்டச்சு செய்துவிட்டு வெளியிடப் போனால் 'தொகுப்பு முரண்பாடு' என்று ஒரு பக்கம் வந்து நின்றது. பயந்துபோய் மூடிவிட்டேன். எழுதியது போனது போனதுதானா?

மூடிவிட்டீர்கள் என்றால் பெரும்பாலும் போனதுதான் மேடம். ஆனால் மூடாமல் இருந்திருந்தால் ஒரு எழுத்துகூடப் போயிருக்காது, அதனால் அடுத்த முறைக்காக அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் 'தொகு' அழுத்தும்போது, எந்தப் பதிப்பிலிருந்து ஆரம்பிக்கிறீர்கள் என்று விக்கி குறித்துக்கொள்கிறது. வெளியிடும்போது, இப்போதும் அதுதான் கடைசிப் பதிப்பா என்று பார்க்கும். நடுவில் வேறு யாராவது சேமித்திருந்தால் உடனே சண்டைக்கு வராது, முதலில் இரண்டையும் தானே சேர்த்துப் பார்க்கும். நீங்கள் ஒரு மூலையிலும் அவர் வேறு மூலையிலும் கைவைத்திருந்தால் சத்தமில்லாமல் சேர்ந்துவிடும், உங்களுக்கு அப்படி நடந்ததே தெரியாது. ஒரே வரியில் இரண்டு பேரும் கைவைத்திருந்தால்தான் முரண்பாடு. இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் கண்ணுக்குப் பத்து வரியாகத் தெரியும் ஒரு பத்தி, விக்கியின் கணக்கில் ஒரே வரி. நடுவில் என்டர் தட்டவில்லை அல்லவா? அதனால் நீங்கள் பத்தியின் கடைசியில் புது வாக்கியம் சேர்க்க, உங்கள் சக ஆசிரியர் அதே பத்தியின் தொடக்கத்தில் ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்தியிருந்தாலும் போதும், மோதிக்கொள்ளும்.

வழக்கமான தொகுப்புப் பெட்டியில் எழுதினால், முரண்பாட்டுப் பக்கத்தில் மேலே ஒரு பெட்டியும் கீழே ஒரு பெட்டியும் வரும். மேலே இருப்பது அடுத்தவர் சேமித்தது, கீழே இருப்பது உங்களுடையது. மேல் பெட்டியில் உள்ளது மட்டும்தான் சேமிக்கப்படும். முதல் வேலையாக உங்கள் எழுத்தை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டி வையுங்கள், அப்புறம் நீங்கள் புதிதாகச் சேர்த்த வாக்கியங்களை மட்டும் மேல் பெட்டியில் அந்தந்த இடத்தில் செருகுங்கள். அவசரத்தில் பலர் தங்கள் முழு உரையையும் தூக்கி மேலே ஒட்டிவிடுவார்கள். அது சேமித்துவிடும், எச்சரிக்கை ஒன்றும் வராது, அடுத்தவர் செய்த திருத்தம் மட்டும் காணாமல் போயிருக்கும். கூட்டாக எழுதுகிறவர்களுக்குள் மனஸ்தாபம் வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பது என் அபிப்பிராயம், வேண்டுமென்றே அழித்துவிட்டார் என்றுதானே அவருக்குத் தோன்றும்!

ஒரு மணி நேரம் சேமிக்காமல் எழுதாதீர்கள். பக்கத்தின் உச்சியில் இருக்கும் 'தொகு'வை விட்டுவிட்டு, ஒவ்வொரு உள்தலைப்பின் ஓரத்தில் இருக்கும் 'தொகு'வைப் பயன்படுத்துங்கள். ஆளுக்கொரு உள்தலைப்பு என்று பிரித்துக்கொண்டால் மோதல் அநேகமாக இருக்காது. பெரிதாக மாற்றி எழுதப் போகிறீர்கள் என்றால், வேலை நடக்கிறது என்று சொல்லும் வார்ப்புரு (பல பக்கங்களில் செருகிக்கொள்ளும் ஆயத்தத் துண்டு) ஒன்றை மேலே போடலாம். அது பூட்டு இல்லை, வெறும் வேண்டுகோள்தான்.

ஒரு வாசகர், மதுரை: எங்கள் அலுவலகத்தில், பலர் சேர்ந்து பக்கங்களை எழுத டோக்குவிக்கி என்ற விக்கி மென்பொருள் வைத்திருக்கிறோம். அதில் ஒருவர் திறந்தால் இன்னொருவரால் தொகுக்க முடிவதில்லை. இதுதானே நல்ல முறை?

மோதல் வராது, அது உண்மை. ஆனால் பக்கத்தைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போனவருக்காக மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் பூட்டு தானாக விலகும்படி வைத்திருக்கிறார்கள், யாரும் மாற்றாவிட்டால் 15 நிமிடம். அடிக்கடி கைபடும் பக்கங்களுக்கு விக்கிப்பீடியா மாதிரிப் பூட்டாமல் விட்டு, மோதினால் பார்த்துக்கொள்வதே மேல் என்பேன்.

ஒரு மாணவர், கோவை: ஒரு கட்டுரையில் யாரோ தவறான ஆண்டைப் போட்டுவிட்டார். பழைய பதிப்புகளைப் பட்டியலிடும் 'வரலாறு' பக்கத்துக்குப் போய் அதற்கு முந்தைய பதிப்பைத் திறந்து சேமித்தேன். இப்போது இன்னொருவர் வந்து 'என் வேலையை ஏன் அழித்தாய்' என்கிறார்.

அவர் கேட்பது நியாயம்தான் தம்பி. பழைய பதிப்பைத் திறந்து சேமித்தால், அதற்குப் பின் வந்த எல்லாமே போய்விடும், நல்லதும் கெட்டதும். உங்களுக்கு வேண்டியது 'மீளமை'. வரலாற்றுப் பக்கத்தில் அந்த ஒரு தவறான திருத்தத்தின் பக்கத்திலேயே இருக்கும். அது அந்தத் திருத்தத்தை மட்டும் உருவி எடுக்கும், பின்னால் வந்தவை அப்படியே நிற்கும். அதே வரியைப் பின்னால் வேறு யாராவது தொட்டிருந்தால் உருவ முடியாது என்று சொல்லிவிடும், அப்போது கையால் மாற்ற வேண்டியதுதான். இப்போதைக்கு உங்கள் திருத்தத்தை நீங்களே மீளமைத்துவிட்டு, ஆண்டை மட்டும் சரிசெய்யுங்கள். அவர் எழுதியது எதுவும் உண்மையில் அழியவில்லை, வரலாற்றில் பத்திரமாக இருக்கிறது. மீளமைப்பதுகூட ஒரு புதுப் பதிப்பாகத்தான் பதிவாகும்.

ஒரு வாசகி, சென்னை: எங்கள் நிறுவன விக்கியில் 'விதிமுறை', 'விதிமுறை இறுதி', 'விதிமுறை இறுதி புதியது' என்று மூன்று பக்கங்கள். எதை நம்புவது?

ஒரே ஒரு பக்கம் இருக்கட்டும், மற்றவற்றை அதற்கு வழிமாற்றிவிடுங்கள். ஒப்புதல் வாங்கிய பதிப்பு எது என்று காட்டுவதற்குத் தனிப்பக்கம் தேவையில்லை. உங்கள் விக்கி, விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் ஓடுகிறது என்றால், ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் எண் உண்டு, அந்த எண்ணுள்ள நிலையான இணைப்பைச் சுற்றறிக்கையில் கொடுத்தால் போதும், பக்கம் பிறகு எவ்வளவு மாறினாலும் அந்த இணைப்பு பழைய வாசகத்தையே காட்டும். ஆனால் வாசகத்தை மட்டும்தான். அதில் இருக்கும் வார்ப்புருக்களும் படங்களும் இன்றைக்கு எப்படி இருக்கின்றனவோ அப்படித்தான் தெரியும். கட்டண அட்டவணையை வார்ப்புருவாக வைத்திருந்தீர்கள் என்றால், போன வருட விதிமுறைக்குள் இந்த வருடக் கட்டணம் உட்கார்ந்திருக்கும்! கையெழுத்தாகும் ஆவணம் என்றால் அன்றைக்கே ஒரு பிடிஎஃப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாசகர், யாழ்ப்பாணம்: பக்கத்தின் தலைப்பு பிழையாக இருந்ததால் முழுவதையும் நகலெடுத்துப் புதுத் தலைப்பில் ஒட்டினேன். அது குற்றம் போலப் பேசுகிறார்கள்.

குற்றம் இல்லை, ஆனால் வரலாறு பழைய தலைப்பிலேயே தங்கிவிட்டது. புதுப் பக்கத்தைப் பார்ப்பவருக்கு எல்லாமே நீங்கள் எழுதியது மாதிரித் தெரியும். விக்கிப்பீடியாவின் உரிமமே எழுதியவர்களைக் குறிப்பிட வேண்டும் என்கிறது, அந்தப் பெயர்ப்பட்டியல் இருப்பது வரலாற்றுப் பக்கத்தில்தான். 'நகர்த்து' என்று ஒன்று இருக்கிறது, அது வரலாற்றோடு சேர்த்து மாற்றும். நடந்ததைச் சரிசெய்ய நிர்வாகிகளிடம் கேளுங்கள், இரண்டு வரலாறுகளையும் அவர்களால் இணைக்க முடியும்.

ஒரு வாசகர், சேலம்: பழைய பதிப்புகள் எல்லாம் என்றைக்கும் இருக்குமா?

இன்றைய விக்கிப்பீடியாவில் இருக்கும். நீக்கப்பட்ட பக்கங்களின் பதிப்புகள்கூட நிர்வாகிகள் கண்ணுக்குத் தெரியும். எப்போதும் அப்படி இருந்ததில்லை. 2001இல் விக்கிப்பீடியா தொடங்கியபோது ஓடிய யூஸ்மாட் விக்கி என்ற மென்பொருள் பழைய பதிப்புகளைக் கழித்துக்கட்டிவிடும். அந்த முதல் மாதங்களின் திருத்தங்களில் பல தொலைந்துவிட்டதாகவே நினைத்திருந்தார்கள், 2010 டிசம்பரில் விக்கிமீடியா நிரலாளர் டிம் ஸ்டார்லிங் ஒரு பழைய காப்புநகலைக் கண்டெடுக்கும் வரை. உங்கள் அலுவலக விக்கிக்குக் காப்புநகல் எடுப்பது யார் என்று நாளைக்கே விசாரியுங்கள்.

ஒரு வாசகி, திருச்சி: சேமிக்கும்போது என்ன மாற்றினோம் என்று எழுதச் சொல்லும் 'சுருக்கம்' பெட்டியை நிரப்பாமல் விட்டால் என்ன?

சேமிக்கும். ஆனால் என்ன மாறியது என்றுதான் வரலாறு காட்டும், ஏன் மாற்றினீர்கள் என்று அதற்குத் தெரியாது. "திருத்தம்" என்று எழுதுவதும் எழுதாததும் ஒன்றுதான். "கல்வெட்டு ஆண்டு மாற்றம், பேச்சுப் பக்கம் பார்க்க" என்று நாலு சொல் போடுங்கள், அடுத்தவர் அதை மீளமைக்கும் முன், கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் அந்தப் பேச்சுப் பக்கத்தை எட்டிப் பார்ப்பார்.