படிப்பில் மனம் ஒன்றாதது ஏன்?

கேள்வி: கைப்பேசியில் விளையாடத் தொடங்கினால் மூன்று மணி நேரம் போவதே தெரிவதில்லை. படிக்க உட்கார்ந்தால் பத்தே நிமிடத்தில் மனம் அலைபாய்கிறது. இந்தப் படிப்பு எனக்கு ஏற்றதல்ல என்றுதானே பொருள்?

பதில்: அல்ல. விளையாட்டில் மூன்று மணி நேரம் ஒன்றியிருக்க முடிகிற உங்களுக்குக் கவனம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. குறை, படிப்பதற்கு நீங்கள் உட்காரும் விதத்தில் இருக்கிறது.

பசியையும் களைப்பையும் மறந்து வரையும் ஓவியர்கள், படம் முடிந்ததுமே அதில் அக்கறை இழப்பதை 1960களில் கவனித்த உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி, பின்னர் சதுரங்க வீரர்கள், மலையேறுபவர்கள், அறுவை மருத்துவர்கள் எனப் பலரையும் ஆராய்ந்து 1975இல் நூலாக வெளியிட்டார். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருப்பது, செய்தது சரியா தவறா என்று அப்போதே தெரிந்துவிடுவது, வேலையின் கடினம் நம் திறமைக்கு ஈடுகொடுத்து நிற்பது ஆகிய மூன்றும் கூடும்போதுதான் மனிதர் தம்மை மறக்கிறார்கள் என்று அவர் கண்டார். கடினம் குறைந்தால் சலிப்பு, மிஞ்சினால் பதற்றம்.

விளையாட்டை உருவாக்கியவர்கள் இம்மூன்றையும் உங்களுக்காக முன்பே அமைத்து வைத்திருக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் அந்த வேலை உங்களுடையது. நாற்பது பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனால், புரிந்ததா இல்லையா என்று எந்தப் பக்கமும் உங்களிடம் சொல்லப்போவதில்லை. ஒரு பத்தியைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அதன் கருத்தை நினைவிலிருந்து மூன்று வரிகளில் எழுதுங்கள். பிறகு திறந்து ஒப்பிடுங்கள். விட்டுப்போன வரி அங்கேயே கண்ணில் படும். எளிதாக வந்துவிட்டால் அடுத்த முறை இரண்டு பத்திகளாக்குங்கள். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். ஒன்றத் தொடங்கும் மனத்தை ஓர் அறிவிப்பு ஒலி கலைத்துவிட்டால், மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

விருப்பத்தை அளவுகோலாக்குவதும் தவறு. சிக்சென்ட்மிஹாயியும் ஜூடித் லெஃபெவ்ரும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், முழுநேரப் பணியாளர்கள் ஓய்வு நேரத்தைவிட வேலை நேரத்திலேயே இத்தகைய ஒன்றுதலை மிகுதியாக அடைந்திருந்தார்கள். ஆனாலும் வேலையில் இருக்கும்போது, வேறு ஏதாவது செய்துகொண்டிருந்தால் நன்றாயிருக்குமே என்றுதான் விரும்பினார்கள். நேரம் போவது தெரியாததும் ஒரு செயலின் மதிப்புக்குச் சான்றாகாது. சூதாட்ட இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவருக்கும்தான் நேரம் தெரிவதில்லை.

சில வாரங்கள் இப்படிப் படித்த பிறகும் பாடத்தைப் பற்றி ஒரு கேள்விகூட உங்களுக்குள் எழவில்லையென்றால், படிப்பை மாற்றுவது பற்றி அப்போது யோசிக்கலாம். பத்து நிமிட அலைபாய்தலை வைத்து அந்த முடிவுக்கு வராதீர்கள்.