கதவைத் தேய்க்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

கேள்வி: டெட்ராய்ட் பக்கம் இருக்கிறோம். பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் 1968 டாட்ஜ் டார்ட் கார் விற்கிறார். டிராக் பந்தயத்துக்காகக் கம்பெனியே செய்து கொடுத்த ஹெமி டார்ட் என்று அடித்துச் சொல்கிறார். நம்பி வாங்கலாமா?
(வாசகர், மிச்சிகன்)

பதில்: முன்பணம் மட்டும் இப்போதே கொடுத்துவிடாதீர்கள். நின்ற இடத்திலிருந்து கால் மைல், அதாவது 402 மீட்டர், நேராகப் பாய்வதுதான் டிராக் பந்தயம். அதில் எடைதான் எதிரி. 1968-ல் கிரைஸ்லர் நிறுவனம் டார்ட்டையும் பிளிமத் பாரகுடா காரையும் ஹர்ஸ்ட் நிறுவனத்திடம் அனுப்பி, ஹெமி என்னும், அரைக்கோள எரியறை கொண்ட 426 கன அங்குல எஞ்சினை ஏற்றி, தேவையில்லாததையெல்லாம் கழற்றி விற்றது.

முதலில் டாஷ்போர்டின் மேல், முன் கண்ணாடி வழியாகத் தெரியும் எண்ணைப் படியுங்கள். எல், ஓ, 23, எம், 8, பி என்று அது தொடங்க வேண்டும். எல் டார்ட்டைக் குறிக்கும். 23 என்பது இரண்டு கதவு ஹார்ட்டாப் (பக்கக் கண்ணாடிகளுக்கு நடுவே தூண் இல்லாத உடல்), 8 என்பது 1968, பி என்பது ஹாம்ட்ராமிக் ஆலை. இரண்டாவது எழுத்தான ஓ தான் முக்கியம். பந்தயத்துக்குப் பிறந்த வண்டி என்பதை அதுதான் சொல்கிறது.

எண் சரியாக இருந்தாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். அது ஒரு சின்னத் தகடுதான், வேறு வண்டியிலிருந்து வந்திருக்கலாம். டிக்கியைத் திறந்து பாருங்கள், பேட்டரி அங்கே இருக்க வேண்டும். கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கக் கைப்பிடி இருக்காது, ஒரு வாரைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். கண்ணாடியும் வழக்கத்தைவிட மெல்லியது. பின் சீட், ரேடியோ, ஹீட்டர் எதுவும் கிடையாது. முன் ஃபெண்டரும் பானெட்டும் ஃபைபர்கிளாஸ். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து நகல் செய்தவர்களும் உண்டு. அதனால் ஆளைத் தேடுங்கள். இவருக்கு யார் விற்றார், அவருக்கு யார் விற்றார் என்று ஒவ்வொருவராகப் பின்னோக்கிப் போங்கள். பழைய பந்தயப் படம் ஒன்று கிடைத்தால் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். ரிவெட் வரிசை, துளை இருக்கும் இடம், ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் குழாய் வளைவு) வெல்டிங் என்று யாரும் நகலெடுக்க மெனக்கெடாததைப் பாருங்கள்.

கேள்வி: அப்படியே வாங்கினால், அதன் அசல் நிறத்தில் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று ஆசை. அசல் நிறம் எதுவென்று எப்படிக் கண்டுபிடிப்பது?
(அதே வாசகர்)

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் உங்கள் கடிதத்தை எடுத்துவைத்தேன். இந்த வண்டிகளுக்குக் கம்பெனி நிறம் என்று ஒன்று கிடையாது. உடல் பிரைமரோடும், ஃபைபர்கிளாஸ் பாகங்கள் வெறும் கறுப்போடும்தான் வந்தன. வாங்கியவர் தன் விருப்பப்படி அடித்துக்கொண்டார், அடுத்தவர் அதன் மேல் அடித்தார். அதனால் எந்த வருடத்து வண்டியாக அதை நிறுத்தப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

நான் மிச்சிகனில் பழைய வண்டி சீரமைக்கும் பட்டறையில் 11 வருடம் வேலை பார்த்தவன். சேர்ந்த புதிதில் ஒரு வண்டியை வெளியே கொடுத்து மணல் வீச்சில் சுத்தம் செய்தார்கள். தகடு பளபளவென்று வந்தது, ஆனால் அதன் கதை அங்கேயே போய்விட்டது. இன்னும் மனசு ஆறவில்லை. அதற்குப் பிறகு ஒரு கதவு என் கைக்கு வந்தது. வாட்டர் பேப்பரும் வாளித் தண்ணீருமாக உட்கார்ந்துவிட்டேன். மேலே நீலம், அடியில் பட்டி, அதற்கும் அடியில் சிவப்பு. மூன்றாம் நாள் சாயங்காலம் சிவப்பில் ஒரு வளைவு மங்கலாகத் தெரிந்தது. கையை நிறுத்திவிட்டு விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். தங்க ரேக்கில் எழுதிய ஒரு எழுத்தின் வால்! மறுநாள் மதியத்துக்குள் ஒரு டீலரின் பெயர் முழுதாக வந்தது. அந்தப் பெயரை வைத்துத்தான் முதல் உரிமையாளரின் குடும்பத்தைப் பிடித்தோம். அவர்கள் ஒரு ஷூ டப்பா நிறையப் படம் வைத்திருந்தார்கள்.

ஆகவே தண்ணீர் போட்டு மெதுவாகத் தேயுங்கள். ஒவ்வொரு அடுக்கு வரும்போதும் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். அப்புறம்தான் நிறம்.

கேள்வி: ஓட்டுநருக்கு முன்னால் எஞ்சின் இருக்கும் நீளமான பழைய டிராக்ஸ்டர்கள் (டிராக் பந்தயத்துக்கென்றே கட்டிய வண்டிகள்) ஏன் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை? இன்றும் ஓட்டுகிறார்களா?
(வாசகி, கோவை)

பதில்: 1970 மார்ச் 8 அன்று கலிஃபோர்னியாவின் லயன்ஸ் பந்தயத் திடலில் பந்தய வீரர் டான் கார்லிட்ஸ் ஓட்டிய முன் எஞ்சின் வண்டியின் டிரான்ஸ்மிஷன் வெடித்தது. வலது பாதத்தில் பாதி போயிற்று. எஞ்சினை முதுகுக்குப் பின்னால் தள்ளி அவர் புது வண்டி கட்டினார், 1971-ல் பொமோனாவில் அதிலேயே ஜெயித்தார். சில வருடங்களில் முன் எஞ்சின் வண்டிகளை வாங்க ஆள் இல்லை. எஞ்சின் ஒரு பக்கம், அச்சு ஒரு பக்கம் என்று பிரிந்துபோயின. வெறும் குழாய்ச் சட்டம்தான் கொட்டகை விட்டத்தில் தொங்கும். அதைப் பார்த்து இது யார் கட்டியது என்று சொல்ல வெல்டிங் தழும்பைப் படிக்கத் தெரிய வேண்டும்.

மீட்ட வண்டிகளைப் பெரும்பாலும் பந்தயத்தில் விடுவதில்லை. பழைய மெக்னீசியம் பாகங்களில் விரிசல் இருக்கலாம், உயிரோடு விளையாடக் கூடாது. கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் இவற்றை வரிசையாக நிறுத்தி, நைட்ரோமீத்தேன் என்ற பந்தய எரிபொருளை ஊற்றி, எஞ்சினை மட்டும் உறுமவிடுவார்கள். இருட்டில் ஒவ்வொரு புகைக் குழாயிலும் தீ நிற்கும். போனால் காதடைப்பான் கட்டாயம் கொண்டுபோங்கள். புகை வரும் பக்கம் நிற்காதீர்கள், கண்ணைத் திறக்கவே முடியாது.