ரிமோட் டாங்கிக்காக எஸ்ஐபியை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை. பிடித்தம் போகக் கைக்கு 78,000 ரூபாய் வருகிறது. வீட்டுக் கடன் தவணை 26,000, குடும்பச் செலவு 32,000, எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் முதலீடு) 10,000. அவசரத்துக்கு வங்கியில் 60,000 இருக்கிறது. சிறு வயதிலிருந்தே ராணுவ டாங்கிகள் மீது எனக்குப் பித்து. ஜப்பானின் டமியா நிறுவனம் செய்யும், நிஜ டாங்கியில் பதினாறில் ஒரு பங்கு அளவுள்ள டைகர் 1 (இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டாங்கி) ரிமோட் மாடலை 1,20,000 ரூபாய்க்கு வரவழைத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். எஸ்ஐபியை ஓராண்டு நிறுத்திவிட்டு, கிரெடிட் கார்டில் வட்டியில்லாத் தவணையில் வாங்கலாம் என்று நினைக்கிறேன். இதுவும் முதலீடுதான், பின்னால் விலை ஏறும் என்கிறார் நண்பர். எட்டு வயது மகளுக்கே இந்த விலையில் பொம்மை வாங்கியதில்லை என்கிறார் மனைவி. என்ன செய்வது?

பதில்: நண்பரின் வாதத்தை முதலில் ஒதுக்கிவிடுவோம். டமியா தன் முதல் ரிமோட் மாடலாக ஷெர்மன் டாங்கியை வெளியிட்டது 1974-ல். அத்தகைய பழம்பொருளைப் பெட்டி பிரிக்காமல் வைத்திருப்பவருக்கு நல்ல விலை கிடைக்கலாம். ஆனால் அந்த நிறுவனம் பழைய மாடல்களை மீண்டும் தயாரித்து விற்கவும் தயங்குவதில்லை. 1984-ல் வந்த ஹார்னெட் ரிமோட் கார் 2004-ல் மறுபடி கடைக்கு வந்தது. தவிர, நீங்கள் இதைப் பூட்டி வைக்கவா வாங்குகிறீர்கள்? மண்ணில் ஓட்டத்தானே? ஓட்டுங்கள், அதற்குத்தான் அது. ஆனால் கணக்கில் அதைச் செலவு என்றே எழுதுங்கள்.

எஸ்ஐபியை ஓராண்டு நிறுத்தினால் 1,20,000 ரூபாய் முதலீடு ஆகாமல் போகிறது. ஆண்டுக்கு 10% வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால், 15 ஆண்டில் அது சுமார் 5 லட்சமாகியிருக்கும். இந்தக் கணக்கைக் காட்டி ஒருவருடைய காலைக் காபியைக்கூட நிறுத்திவிடலாம், அந்த வேலையை நான் செய்ய மாட்டேன். என் கவலை அந்த 60,000 பற்றியது. கடன் தவணையும் வீட்டுச் செலவும் சேர்ந்து மாதம் 58,000 ஆகிறது. வேலை போனால் உங்களால் ஒரு மாதம்தான் தாக்குப்பிடிக்க முடியும். இந்த நிலையில் புதிய தவணை எதுவும் வேண்டாம். மேலும், வட்டியில்லாத் தவணை என்பதில் வட்டித் தொகையைத் தள்ளுபடியாகக் கழித்தாலும், அந்த வட்டி மீதான 18% ஜிஎஸ்டியும் நடைமுறைக் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும்.

அடுத்து, அந்த 1,20,000-க்குள் என்னென்ன அடக்கம் என்று கேட்டீர்களா? டமியாவின் பெரிய டாங்கிகள் பாகங்களாக வரும், நாம்தான் பொருத்திச் சேர்க்க வேண்டும். நான்கு சேனல் ரிமோட், 7.2 வோல்ட் பேட்டரி, சார்ஜர், பெயின்ட் எல்லாவற்றையும் தனியாக வாங்க வேண்டிய பெட்டிகளும் உண்டு. சுங்க வரி அதைவிடப் பெரிய சமாச்சாரம். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. ஓடும் மாடல்களும் அதே தலைப்பில்தான் வருகின்றன. 70% வரியும் அதற்கு மேல் 18% ஜிஎஸ்டியும் போட்டால் 50,000 ரூபாய்ப் பொருள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். கப்பல் அல்லது விமானக் கூலியையும் சேர்த்த மதிப்பின் மீதுதான் வரி. கனமான பெட்டிக்கு அந்தக் கூலியும் லேசாக இராது. விகிதங்கள் மாறக்கூடியவை என்பதால், பணம் கொடுக்கும் நாளில் "வரி உட்பட, வீட்டு வாசலில் இவ்வளவு" என்று எழுத்தில் வாங்குங்கள். எழுதித்தரத் தயங்கினால் விலகிவிடுங்கள்.

நான் சொல்வது இது: எஸ்ஐபி தொடரட்டும். மாதம் மிஞ்சும் 10,000-ல் 6,000 அவசர நிதிக்கு, 4,000 ஓராண்டுத் தொடர் வைப்புக்கு. அவசர நிதி மூன்று மாதச் செலவான 1,74,000-ஐ எட்ட 19 மாதம் ஆகும். டாங்கிப் பணமோ ஓராண்டில் 48,000-மும் கொஞ்சம் வட்டியுமாகக் கையில் இருக்கும்.

அந்தத் தொகைக்குள் சீனாவின் ஹெங் லாங் நிறுவனத்தின் ரிமோட் டாங்கிகளைப் பாருங்கள். ஓட்டத் தயாராகவே வருகின்றன. ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. மலிவான பிளாஸ்டிக் ரகத்தை வாங்கி, பிறகு உலோகச் சங்கிலிப் பட்டை மாட்ட ஆசை வரும். அந்த எடையில் பிளாஸ்டிக் பற்சக்கரம் தேயும். அதை மாற்றினால் கியர்பாக்ஸ் கேட்கும், பிறகு சஸ்பென்ஷன் கேட்கும். இந்தப் பொழுதுபோக்கில் பணம் கரைவது பெரும்பாலும் இப்படித்தான். உலோகப் பட்டையும் எஃகு கியர்பாக்ஸும் ஆலையிலேயே பொருத்தி வரும் ரகத்தை நேரடியாக வாங்குவதே சிக்கனம். அதற்குப் பிறகும் உதிரிக்கென மாதம் 500 ரூபாய் ஒதுக்குங்கள்.

ஓராண்டுக்குப் பிறகும் டைகர்தான் வேண்டும் என்று தோன்றினால் சேமிப்பை இன்னும் ஒன்றரை ஆண்டு நீட்டுங்கள். அப்போது முழுப் பணம் கொடுத்து வாங்கலாம், மனைவியும் மறுக்கக் காரணம் குறையும். தவணை விஷயத்தில் அவர் சொல்வது சரி. பொம்மை என்று அவர் சொன்னதில் நான் யார் பக்கமும் சாயவில்லை.

எதை வாங்கினாலும் 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டு சுடும் ரகம் வேண்டாம், வீட்டில் எட்டு வயதுக் குழந்தை இருக்கிறாள். குண்டுக்குப் பதில் அகச்சிவப்புக் கதிரால் ஒன்றையொன்று சுட்டு விளையாடும் ரகம் போதும்.