மங்கும் மூலை: குற்றம் லென்ஸிலா, என்லாஜரிலா?

கேள்வி: மாமாவின் மூடிய ஸ்டூடியோவிலிருந்து ஒரு என்லாஜரும் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் போட்டோ தாளில் விழுத்தும் கருவி) அதற்கான 50 மிமீ எல்-நிக்கோர் லென்ஸும் கிடைத்தன. பிரிண்ட் போட்டால் ஒரு மூலை மங்குகிறது, படம் முழுக்கச் சாம்பல் பூத்தது போல இருக்கிறது. லென்ஸை மாற்ற வேண்டுமா? - வாசகர், கல்லடி

அவசரப்படாதீர்கள். நீங்கள் சொல்வது இரண்டு வேறு குறைகள். இரண்டையும் வீட்டிலேயே சோதிக்கலாம்.

முதலில் சாம்பல். லென்ஸைக் கழற்றி, அபெர்ச்சரை (ஒளி புகும் துளையை) முழுதாகத் திறந்து, இருட்டில் பின்பக்கமிருந்து டோர்ச் அடித்துச் சரிவாகப் பாருங்கள். நேராகப் பார்த்தால் எந்த லென்ஸும் சுத்தமாகத்தான் தெரியும். சிலந்தி நூல் போல ஓடினால் பூஞ்சணம். மூச்சுப்பட்ட கண்ணாடி போலிருந்தால் உள்ளே மூட்டம் படிந்திருக்கிறது. வாவிக்கரை வீடுகளில், மாரி மழைக்குப் பிறகு இரண்டும் சாதாரணம். ஒன்றிரண்டு தூசு, மெல்லிய கீறல் பற்றிக் கவலை வேண்டாம். மூட்டம்தான் ஆபத்து: நெகட்டிவின் தெளிந்த பகுதியால் வரும் ஒளி சிதறி, தாளில் வெள்ளையாக நிற்க வேண்டிய இடத்திலும் விழுந்துவிடும்.

உறுதிப்படுத்த, நெகட்டிவ் இருக்கும் இடத்தில் வெறும் கண்ணாடி வைத்து, அதன் நடுவே சின்ன அலுமினியத் தாள் துண்டொன்றை ஒட்டுங்கள். கீழே போட்டோ தாளின் ஓரத்தில் ஒரு நாணயம். சுற்றிலும் நன்றாகக் கறுக்கும்வரை ஒளி கொடுத்துக் கழுவுங்கள். நாணயத்தின் அடியிலிருந்த வெள்ளையும் அலுமினியத்தின் வெள்ளையும் ஒன்றாயிருக்க வேண்டும். அலுமினியத்தின் வெள்ளை சாம்பலடித்தால் ஒளி சிதறுகிறது. ஒளி கொடுக்கும்போது சேஃப்லைட்டை (இருட்டறையில் எரியும் மங்கல் விளக்கை) அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதன் பழியும் லென்ஸின் தலையில் விழும்.

அப்புறம் மூலை. கழுவிய பிலிமின் கறுத்த நுனியில், ஊசியால் நடுவிலும் நான்கு மூலைகளிலும் கூட்டல் குறி கீறுங்கள். இரண்டு கண்ணாடிகளுக்கிடையே வையுங்கள், ஏனென்றால் பல்பின் சூட்டில் பிலிம் வளைந்தாலும் மூலை மங்கும். அபெர்ச்சரை எஃப் 2.8க்குத் திறந்து, நடுவைப் போகஸ் செய்து மூலைகளைப் பாருங்கள். நான்கும் சமமாக லேசாக மங்கினால் பரவாயில்லை, அபெர்ச்சரை 5.6 அல்லது 8க்குச் சுருக்கினால் தெளிந்துவிட வேண்டும்.

ஒன்று மட்டும் மங்கினால், லென்ஸை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஆடாமல் பிடித்து, மறுபடி போகஸ் செய்யுங்கள். மங்கல் எதிர் மூலைக்குப் போனால் லென்ஸுக்குள் கண்ணாடி விலகியிருக்கிறது. அதே மூலையில் நின்றால் லென்ஸ் நிரபராதி, என்லாஜர்தான் சாய்ந்திருக்கிறது. மேசன்மார் வைத்திருக்கும் சின்ன நீர்மட்டத்தை நெகட்டிவ் தட்டிலும் அடிப்பலகையிலும் வைத்துச் சரி பாருங்கள்.

மூட்டத்தைப் பெரும்பாலும் துடைத்தெடுக்கலாம். பூஞ்சணம் கண்ணாடியை அரித்திருந்தால் தடம் போகாது. லென்ஸைத் தோலுறையில் போட்டு அலுமாரிக்குள் வைக்காமல், சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.