சேர்வருக்குள் ஓடும் லிங்குகள்: கேள்வி பதில்

சிபியுக்களை ஒன்றோடொன்று இணைக்கும் லிங்க், கார்டுகளைச் சிபியுவோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் லிங்க் ஆகியவை பற்றி, கொழும்பில் சேர்வர் பராமரிக்கும் நம்மவர்கள் கேட்டவை.

பிரணவன், வெள்ளவத்தை: அண்ணா, இன்டெல்லின் ஸியோன் சிபியு இரண்டு போட்ட சேர்வர். சிபியு பாவனை 40 வீதம்தான், ரேமும் மிச்சம் கிடக்குது. ஆனாலும் டேட்டாபேஸ் இழுக்குது. நடுவில உள்ள லிங்க் பழுதோ?

பதில்: தம்பி, பழுது எண்டு சொல்ல முதல் நெரிசலைப் பாருங்கோ. 2017இல் வந்த முதல் தலைமுறை ஸியோன் ஸ்கேலபிளில், செக்கனுக்கு 10.4 ஜிகாட்ரான்ஸ்ஃபர் வேகத்தில் ஓடும் ஒரு யுபிஐ லிங்க் (சிபியுக்களை இணைக்கும் இன்டெல் லிங்க்) ஒரு திசையில் செக்கனுக்கு 20.8 ஜிகாபைட் கொண்டுபோகும். கூடினது மூன்று லிங்க், மொத்தம் 62 அளவில். அதே சிபியுவின் சொந்த ரேம், ஆறு சனலிலும் டிடிஆர்4-2666 போட்டிருந்தால், 128 வரை தரும். தரவு மற்ற சிபியுவின் பக்கம் கிடந்தால் பாதி வேகமும் வராது.

இன்டெல்லின் பிசிஎம் கருவி ஒவ்வொரு யுபிஐ லிங்கும் எத்தனை வீதம் நிரம்பியிருக்கு எண்டு காட்டும். லினக்ஸின் நியூமாஸ்டாட் கட்டளையை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். ரேம் எந்தப் பக்கம் ஒதுக்கப்பட்டது எண்டதைத்தான் அது எண்ணும், எத்தனை தரம் வாசிக்கப்பட்டது எண்டதை அல்ல. லிங்க் நிரம்பி வழிந்தால் நியூமாசிடிஎல் கட்டளை கொண்டு டேட்டாபேஸை ஒரு சிபியுவோடு கட்டிவிடுங்கோ. போக்குவரத்து குறைவாக இருந்தும் இழுத்தால் சேர்வரின் பிழைப் பதிவான லொக்கில் தேடுங்கோ: லேன் (லிங்கின் ஒரு தனிப் பாதை) பழுதானால் யுபிஐ அகலத்தைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடக்கூடியது. மெஷின் விழாததால் ஒருவரும் கவனிக்கமாட்டார்கள்.

நிரோஷினி, கொட்டாஞ்சேனை: நெட்வேர்க் கார்டின் ஏஇஆர் (பிசிஐ எக்ஸ்பிரஸ் பிழை அறிக்கை) கவுன்டரில் திருத்தப்பட்ட பிழைகள் 4,312. கார்டை மாற்ற வேணுமா அண்ணா?

பதில்: தங்கச்சி, அந்த எண்ணிக்கை தனியாக ஒன்றும் சொல்லாது. மூன்று மாதமாக ரீபூட் ஆகாத மெஷினில் சேர்ந்ததா, இன்று பின்னேரம் மட்டும் வந்ததா? ஒரு மணித்தியால இடைவெளியில் இரண்டு தரம் வாசித்து வித்தியாசத்தை எடுங்கோ. வேலைப் பளு உள்ள நேரத்தில் ஒருக்கா, இரவில் ஒருக்கா.

அளவுகோல் வேணுமெண்டால் இதைப் பிடியுங்கோ. பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 ஒரு லேனில் செக்கனுக்கு 800 கோடி பிட் அனுப்பும். தரநிலை அனுமதிக்கும் எல்லை ஒரு இலட்சம் கோடி பிட்டுக்கு ஒரு பிழை. அப்படியெண்டால் ஒரு லேனில் 125 செக்கனுக்கு ஒன்று, 16 லேனில் ஏறத்தாழ 8 செக்கனுக்கு ஒன்று. இது கடைசி எல்லை. நல்ல லிங்க் நாள்கணக்கில் பூச்சியத்திலேயே நிற்கும்.

பிழையின் வகையையும் பாருங்கோ. ரிசீவர் எரர் (பெறும் முனைப் பிழை), பேட் டிஎல்பி (கெட்ட தரவுப் பொதி), பேட் டிஎல்எல்பி (கெட்ட கட்டுப்பாட்டுப் பொதி) கூடினால் சிக்னல் கெடுகிறது. ரோல்ஓவர் கூடினால் அது கவலைக்குரியது: ஒரே பொதியைத் திரும்பத் திரும்ப அனுப்பியும் சரிவராமல் லிங்க் தன்னை மறுபடி பயிற்றுவித்து (ரீட்ரெயின்) இணைப்பைச் சரிசெய்ய முயன்றிருக்கிறது. முதல் மூன்று வகையையும் எண்ணுவது பெறும் பக்கம். அவை கார்டில் குறைவாகவும் ரூட் போர்ட்டில் (லிங்கின் சிபியு பக்க முனை) கூடவும் இருந்தால், கார்டிலிருந்து சிபியு நோக்கிய திசைதான் கெட்டது. இரண்டு பக்கக் கவுன்டரையும் வாசிக்காமல் கார்டை வாங்க யூனிட்டி பிளாசாவுக்கு ஓட வேண்டாம்.

ரிஸ்வான், தெஹிவளை: 16 லேன் ஸ்லொட்டில் போட்ட கார்டு 8 எண்டு காட்டுது சேர்.

பதில்: முதலில் போர்டின் கையேடு. நீளத்தில் 16ஆக இருந்தும் 8 லேன் மட்டும் இணைத்த ஸ்லொட்டுகள் நிறைய உண்டு. அப்படியில்லையெண்டால் கழற்றித் திரும்பச் செருகுங்கோ. வேகம் மட்டும் குறைந்திருந்தால் பயப்பட வேண்டாம், ஜிபியுக்கள் சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம்பிடிக்க இறங்கும். பளு கொடுத்துவிட்டுப் பாருங்கோ.

சுகந்தி, கொள்ளுப்பிட்டி: கடற்காற்றால லிங்க் பிழை வருமா?

பதில்: ஏசி ஒழுங்காக ஓடும் அறையில் குறைவு. உப்பும் ஈரமும் சேர்ந்தால் தொடுமுனைகள் கெடும். ஐசோப்ரோப்பைல் அல்கஹோலால் துடையுங்கோ, பிறகு கார்டை வேறு ஸ்லொட்டில் போடுங்கோ. பிழை கார்டோடு போகிறதா, ஸ்லொட்டிலேயே நிற்கிறதா எண்டு தெரிந்துவிடும். சிபியு லிங்கில் பிழை என்றால் சொக்கெட் பின் வளைந்திருக்கா, ஹீட்சிங்க் ஒரு பக்கம் கூட இறுகியிருக்கா எண்டு பாருங்கோ. பழைய சேர்வர் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேணும்.

பிரணவன்: லினக்ஸில் பிழைகளைப் பதியும் ராஸ்டீமன் போட்டாச்சு அண்ணா. எல்லாம் பூச்சியம். நிம்மதியா?

பதில்: இன்னும் இல்லை. சில சேர்வர்களில் திருத்தப்பட்ட பிழைகளை பயோஸ் முதலில் எடுத்துக்கொள்ளும். வரம்பு தாண்டினால்தான் லினக்ஸுக்குச் சொல்லும். ஐபிஎம்ஐடூல் கட்டளையால் பிஎம்சி (போர்டைக் கண்காணிக்கும் தனிச் சிப்) லொக்கையும் எடுத்துப் பார்த்துவிட்டு அந்தப் பூச்சியத்தை நம்புங்கோ.